வேஷத்தை மாற்றிப் பாருங்கள், சிரிப்பு மிஞ்சுகிறதா?

வாசகர் கேள்வி: தண்டையார்பேட்டை பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஆண்டு விழாவுக்காக 42 பிள்ளைகளை ஏழேழு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பத்து நிமிட நகைச்சுவை நாடகத்தை அவர்களையே எழுதி நடிக்கச் சொன்னேன். போன வாரம் முதல் ஒத்திகை பார்த்தேன். ஆறில் நான்கு குழு டி.வி.யில் பார்த்த காமெடியை அப்படியே செய்கிறது. எல்லாவற்றிலும் ஒரு குடிகாரர், ஒரு ரவுடி. இரண்டு பேர் பேசுகிறார்கள், மீதி ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்கிறார்கள். ஒரு குழுவில், குண்டாக இருக்கும் ஒரு பையனைக் கேலி செய்வதுதான் நாடகமே. அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "பரவாயில்ல மிஸ், நான்தான் மிஸ் காமெடி" என்று சிரிக்கிறான். தலைமை ஆசிரியரோ, மெட்ராஸ் பாஷை வேண்டாம், கடைசியில் ஒரு கருத்து இருக்க வேண்டும் என்கிறார். ஐந்து வாரம் இருக்கிறது. பேசாமல் நானே எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

எழுதிக் கொடுக்காதீர்கள். நாலு ராத்திரி உட்கார்ந்தால் ஆறு நாடகத்தையும் நீங்களே எழுதிவிடுவீர்கள். பிள்ளைகளும் மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்துவிடுவார்கள். மற்ற நாடகமாவது ஒப்பித்தால் ஓரளவு தாங்கும், நகைச்சுவை தாங்காது. அடுத்த வரி என்ன என்று தேடுகிற முகத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது, பாவமாகத்தான் இருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துப் பள்ளிகளில் நாடகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கிற முதல் ஒத்திகையை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஐந்து வாரம் தாராளம். ஆனால் மற்ற எதற்கும் முன்னால் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடுவோம்.

அவன் "பரவாயில்ல மிஸ்" என்று சொன்னதை நம்பாதீர்கள். இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். பயிற்சி கொடுக்க ஆரம்பித்த மூன்றாவது வருடம், ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்யாண வீட்டு நாடகம் ஒன்று போட்டார்கள். பந்தியில் எவ்வளவு பரிமாறினாலும் போதாத ஒரு பாட்டி அதில் உண்டு. பெயர் அண்டா பாட்டி. வகுப்பிலேயே உடம்பு பெருத்த பெண்ணுக்கு அந்த வேஷத்தைக் கொடுத்தார்கள். அவளும் சந்தோஷமாகத்தான் ஆடினாள். அன்றைக்கு அதிகக் கைதட்டல் அவளுக்குத்தான். நானும் மேடைக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினேன். அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போனபோது மாடிப்படியில் நின்ற ஒரு பொடியன் "அண்டா!" என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்த்தாள். யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தாள். பத்தாவது முடித்துப் போகிறவரை அந்தப் பெயர் அவளை விடவில்லை. அதற்கப்புறம் அவள் எந்த மேடையிலும் ஏறவும் இல்லை. பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். வேஷம் பிரிக்கும்போது நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். தடுத்திருக்க வேண்டியது நான்.

அன்றிலிருந்து ஒரு சோதனையை விடாமல் செய்கிறேன். எந்தக் காட்சியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களோ, அந்தக் காட்சியை நிறுத்தி, வேஷத்தை வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுத்து, அதே வசனத்தை இன்னொரு தரம் ஆடச் சொல்வேன். சிரிப்பு அப்படியே வந்தால் அது நாடகத்தில் இருக்கிற சிரிப்பு. வராமல் போனால் அது அந்தப் பிள்ளையின் உடம்பைப் பார்த்து வந்த சிரிப்பு. உங்கள் வகுப்பில் அந்த வேஷத்தை இருப்பதிலேயே ஒல்லியான பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வசனம் எல்லாம் அதேதான் இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. அந்த அமைதியில் நீங்கள் புத்திமதி எதுவும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சரி, இவன் ஆடினாலும் சிரிப்பு வரணும்னா இப்ப என்ன செய்யலாம்?" அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் பதில் தேட ஆரம்பிக்கும்போதுதான் உண்மையில் நாடகம் எழுத ஆரம்பிக்கிறார்கள்.

கறுப்பு நிறம், திக்குவாய், மாறுகண், எத்துப்பல் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். பையன்கள் புடவை கட்டிக்கொண்டு வந்து இடுப்பை ஆட்டுவதற்கும் இதேதான். ஒரு பையன் பெண் வேஷம் போடுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது நம் மரபு. 1918ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆரம்பித்த பால சபையில் சிறுவர்கள்தான் ஸ்திரீ பார்ட்டும் ஆடினார்கள். அந்தச் சபையில் வளர்ந்த டி.கே. சண்முகம் பிற்காலத்தில் அவ்வையார் வேஷம் போட்டு, அந்த வேஷமே பெயரில் ஒட்டி, அவ்வை சண்முகம் ஆனார். லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனது அவர் பெயரால்தான். அவ்வையை அவர் கேலிப்பொருளாக்கவில்லை, அவ்வையாகவே நடமாடினார். ஆகவே புடவை கட்டுகிற பையனிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: உங்க அம்மா எப்படிப் பை தூக்குவாங்க, எப்படிக் கண்டக்டர்கிட்ட சில்லறை கேப்பாங்க, அப்படி நட. அதைச் செய்யும்போது சிரிப்பும் வரும், யாருக்கும் வலிக்கவும் வலிக்காது. நம் தெருக்களில் திருநங்கைகள் வாழ்கிறார்கள். உங்கள் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் அத்தையாகவோ அக்காவாகவோ அவர்களில் ஒருவர் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் தமிழாசிரியை, இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். நகை பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நம் பிள்ளைகள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள், மீதி மூன்று சும்மா கிடக்கிறது. எள்ளலுக்கு உரையில் இரண்டு வகை சொல்வார்கள். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சேர்ந்து நகுவது இன்னொன்று. உங்கள் பையன் செய்வது அந்த இரண்டாவது. அழுதால் இன்னும் கலாய்ப்பார்கள் என்று தெரிந்து முந்திக்கொண்டு சிரிக்கிறான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மடன். ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஒருவர் சொல்லிக் கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் இருப்பது. நகைச்சுவை நாடகத்துக்கு இதைவிட நல்ல சூத்திரம் நான் பார்த்ததில்லை. 1891ல் நம் சென்னையில் சுகுண விலாச சபையை ஆரம்பித்த பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதி நாடகத்தை நினைத்துப் பாருங்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், வேலைக்காரன் சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் அப்படியே செய்து வைப்பான். அவன் குட்டையா நெட்டையா என்று யார் கவலைப்பட்டார்கள்?

இப்போது அந்தக் குடிகாரரும் ரவுடியும். இந்தத் தடவை குடிகாரர், ரவுடி, போலீஸ் மூன்று பேருக்கும் லீவு என்று ஆறு குழுவுக்கும் பொதுவாக அறிவித்துவிடுங்கள். ஒரு குழுவை மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். குடித்துவிட்டு வருகிற அப்பாவைத் தினமும் பார்க்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும். அது வெளியில் சொல்லாது. மற்றவர்கள் தள்ளாடிக் காட்டும்போது முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வடசென்னை என்றாலே அந்த மூன்று பேர்தான் என்று வெளியில் இருப்பவர்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. நம் பிள்ளைகளும் அதையே சொல்ல வேண்டுமா? ஐஸ் உடைப்பவர், வலை பின்னுகிற தாத்தா, ரேஷன் கடையில் எடை போடுபவர், பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடை அண்ணன், மெட்ரோ வாட்டர் லாரி டிரைவர், ரயில்வே கேட்காரர் என்று தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! இவர்களை இந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். தெருவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இவர்களைத் தெரியாது.

டி.வி. காமெடியைக் காப்பி அடிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். "நகைச்சுவையா ஒண்ணு எழுதுங்க" என்றால் யாருக்குமே கை ஓடாது, தெரிந்த ஒன்றைத்தான் எடுப்பார்கள். வேறு கேள்வி கேட்டுப் பாருங்கள். எழுதி நடியுங்கள் என்றீர்கள் அல்லவா, அதை நடித்து எழுதுங்கள் என்று திருப்பிப் போடுங்கள். நோட்டு, பேனா எல்லாம் முதல் வாரம் பைக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு குழுவும் மூன்று விஷயம் மட்டும் முடிவு செய்யட்டும். ஒரு ஆளுக்கு ஏதோ ஒன்று உடனே வேண்டும். அது கிடைக்கவிடாமல் ஏதோ ஒன்று நிற்கிறது. அந்த ஆள் எதையோ மறைக்கிறார். நம்ம ஊர் பேச்சில் சொன்னால், பீலா விடுகிறார். வேண்டும் என்கிற பொருள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. கோடி ரூபாய்க்கு அலைகிறவனைவிட ஒரு குடம் தண்ணீருக்கு அலைகிறவன்தான் சிரிப்பு வரவழைப்பான்.

ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரு பள்ளியில் கண்முன்னால் வளர்ந்தது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருந்து வருகிற பிள்ளைகள் லேட்டாக வந்தால் சொல்கிற காரணமும் தெரியும்: "கேட்டு போட்டுட்டாங்க மிஸ்." ஒரு குழு அதைப் பிடித்தது. ஒரு பையன் வருடம் முழுக்கத் தூங்கிவிட்டு, கேட் மேல் பழி போட்டுத் தப்பிக்கிறான். அன்றைக்கு வகுப்பில் அவனுக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள், அதனால் சீக்கிரமே கிளம்பிவிட்டான். கேட் நிஜமாகவே போட்டிருக்கிறார்கள். கூட்ஸ் வண்டி வருகிறது. முடியவே மாட்டேன் என்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் அவனோடு நிற்பது யார் என்றால், அவனுடைய கிளாஸ் டீச்சர்.

இதில் இரண்டு பிள்ளைகள் கையை நீட்டி கேட்டாக நின்றார்கள். மூன்று பேர் கூட்ஸ் வண்டி. மேடையை ஒரு தரம் குறுக்கே கடந்து, பின்னால் குனிந்து ஓடிவந்து, மறுபடியும் கடந்தார்கள். முதல் சுற்றில் பார்க்கிறவர்கள் சும்மா இருந்தார்கள். இரண்டாம் சுற்றில் ஒரு சலசலப்பு. மூன்றாவது சுற்றில் வண்டியின் கடைசிப் பெட்டி பையனுக்கு மூச்சு வாங்கி, நடுவில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஒரு நிமிஷம்பா" என்றதும் கூடமே அதிர்ந்தது. அந்த வரியை யாரும் எழுதவில்லை. ஒத்திகையில் அவனுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது, எல்லாரும் சிரித்தார்கள், வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் இருக்கிற யாரை அந்தப் பெட்டியாகப் போட்டாலும் சிரிப்பு வரும், என் சோதனையில் அது தேறியது. மூன்று தடவை என்கிற கணக்கையும் கவனியுங்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு விஷயம் தெரிகிறது, இரண்டாவது தடவை பழகிவிடுகிறது, மூன்றாவது தடவை அதை உடைக்க வேண்டும். நாலாவது தடவை போனால் சலித்துவிடும்.

காசிமேட்டுப் பிள்ளைகள் இருந்தால் தடைக்காலத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா வீட்டில் இருக்கிறார். படகில் எல்லாருக்கும் உத்தரவு போட்டே பழகியவர், வீட்டையும் படகு மாதிரி நடத்தப் பார்க்கிறார். சாம்பார் கொதிப்பதற்கும் கட்டளை, பாட்டி பாத்ரூம் போவதற்கும் கட்டளை. கொண்டது விடாமை! அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிற இடத்தில் நாடகம் முடியும். இதையே எடுக்கச் சொல்லவில்லை, இந்த மாதிரிக் கதை பிள்ளைகளிடம் கொட்டிக் கிடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

எழுதுவது இரண்டாவது வாரத்தில். பிள்ளைகள் ஒரு முறை ஆடும்போது உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். அதைப் போட்டுக் கேட்டு எழுதட்டும். தாங்கள் பேசியது எழுத்தில் வரும்போது, எது நீளம், எது மொக்கை என்று அவர்களுக்கே தெரியும். எழுதுகிற கை தினமும் மாற வேண்டும், இதில் கறாராக இருங்கள். கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரே பிள்ளையிடம் நோட்டு போய்ச் சேர்ந்தால் நாடகமும் அந்தப் பிள்ளையுடையதாகிவிடும். பத்து நிமிடம் வேண்டாம், ஆறு நிமிடம் வையுங்கள். ஆறு குழுவுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் என்றால் பார்க்கிற அம்மா அப்பாக்கள் தாங்க மாட்டார்கள். ஒரு ஆள் ஒரே மூச்சில் இரண்டு வரிக்கு மேல் பேசக்கூடாது என்றும் ஒரு விதி வைத்துப் பாருங்கள்.

சுவர் மாதிரி நிற்கிற ஐந்து பேர் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு பேர் என்பதே கொஞ்சம் அதிகம்தான். இனிமேல் பிரித்தால் மனக்கசப்பு வரும், அப்படியே இருக்கட்டும். கேட்டாக, ரயிலாக, லாரியாக, வரிசையில் நிற்கும் குடங்களாக இருப்பதும் வேஷம்தான் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு நம் தெருக்கூத்தில் வழி இருக்கிறது. வடசென்னையில் நிறையக் குடும்பங்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கம் இருந்து வந்தவர்கள். விடிய விடிய கூத்து பார்த்த தாத்தா பாட்டி எந்த வகுப்பிலும் நாலு பிள்ளைகளுக்காவது இருப்பார்கள். கேட்டுவரச் சொல்லுங்கள். கூத்தில் கட்டியங்காரன் முதலில் வருவான். ராஜா வந்தால் ராஜாவைக் கேள்வி கேட்பான், அடுத்த நிமிடம் ஜனங்களோடு பேசுவான். யாராவது வசனம் மறந்தால் இட்டு நிரப்புவதும் அவன்தான். குழுவுக்கு ஒரு கட்டியங்காரன் வையுங்கள். வாய்த்துடுக்கான பிள்ளைக்குத்தான் அந்த வேஷம் என்று நினைக்காதீர்கள். எல்லாருடைய வசனமும் தெரிந்து வைத்திருந்து தான் மட்டும் பேசாமல் ஓரத்தில் நிற்கிற ஒரு பிள்ளை எல்லாக் குழுவிலும் இருக்கும். அதற்குக் கொடுங்கள்.

மேடை ஏறவே பயப்படுகிற பிள்ளைக்குத் திரை இருக்கிறது. கூத்தில் இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள், வேஷக்காரர் பின்னாலிருந்து வருவார். ஒரு பழைய புடவை போதும். அதைப் பிடிக்கிற இரண்டு பேரும் மேடையில்தான் நிற்கிறார்கள், ஆனால் அவர்களை யாரும் பார்ப்பதில்லை. முதல் வாரம் புடவையைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்ற ஒரு பெண், மூன்றாவது வாரம் திரைக்கு மேலே தலையை நீட்டி "அண்ணே, கை வலிக்குது, சீக்கிரம் வாங்க" என்று தானாகவே சொன்னாள். அப்போது நான் அடைந்த சந்தோஷத்தை எழுதிச் சொல்ல முடியாது. யாரையும் கட்டாயப்படுத்தி முன்னால் தள்ளாதீர்கள், அருகில் ஒரு வேலை கொடுத்து வைத்திருங்கள்.

தலைமை ஆசிரியர் சொல்வதில் பாதி எனக்குப் புரிகிறது. கெட்ட வார்த்தை வந்துவிடுமோ, பெற்றோர் முன்னால் பள்ளி பெயர் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறார். கெட்ட வார்த்தை வேண்டாம், அதை எழுதியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளின் பேச்சும் கெட்ட வார்த்தையும் ஒன்றில்லையே. துட்டு, பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்து வந்தது. நைனா தெலுங்கு, நாஷ்டா உருது. கஸ்மாலம் சமஸ்கிருதம், கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த ஜனங்கள் பல ஊர்க்காரர்களோடு பேசிப் பேசிச் சேர்த்த சொத்து இது. தலைமை ஆசிரியரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களே இந்தப் பேச்சை ஜோக்குக்காரனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, டாக்டர், கலெக்டர், டீச்சர் வேஷம் வந்தால் செயற்கையான தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். சினிமா அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது அது. டாக்டரும் "இன்னாமா, எத்தினி நாளா காய்ச்சலு?" என்று கேட்கட்டும். எல்லாரும் அப்படிப் பேசினால் பேச்சு சிரிப்புக்குரியதாக இருக்காது, பேசுகிற விஷயம்தான் சிரிப்புக்குரியதாக இருக்கும். இதற்கும் அதே சோதனைதான்.

கடைசியில் கருத்து வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஐந்தரை நிமிடம் சிரிக்க வைத்துவிட்டு, எல்லாரும் வரிசையாக நின்று ‘நேரம் தவறாமை வேண்டும்’ என்று சொன்னால் அந்த ஐந்தரை நிமிடமும் வீணாகிவிடும். பீலா விட்ட பையன் கேட் பக்கத்தில் டீச்சரோடு நிற்கும்போதே பல்பு வாங்கிவிட்டான், பார்க்கிற பிள்ளைக்கு அது போதும். விழா மேடையில் கருத்து கட்டாயம் என்றால் அதைத் தலைமை ஆசிரியரே தம் உரையில் சொல்லட்டும், அவர் சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

மைக் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டு விழாவில் நகைச்சுவை நாடகத்தைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். மேடையில் இரண்டு ஸ்டாண்ட் மைக் வைப்பார்கள். ஏழு பிள்ளைகளும் அதன் முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்பார்கள். வசனம் சொல்லிவிட்டு நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு இடம். அடிப்பது, ஓடுவது, ஒளிவது எல்லாம் போய்விடும். முடிந்தால் நாடகத்தை மட்டும் மேடையிலிருந்து இறக்கி, பிள்ளைகள் மூன்று பக்கமும் தரையில் உட்கார்ந்து பார்க்கும்படி மைதானத்தின் நடுவில் ஆடுங்கள். மேடைதான் என்றால் மைக்காரரிடம் முந்தின நாளே பேசி, மைக்கை மேலிருந்து தொங்கவிடவோ, மேடை விளிம்பில் தரையோடு வைக்கவோ சொல்லுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை பக்கம் என்றால் கன்டெய்னர் லாரிச் சத்தம் வேறு இருக்கும். அதற்காகக் கத்தப் பழக்காதீர்கள், இரண்டு நாளில் தொண்டை கட்டிவிடும். மைதானத்தின் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக நின்று, சாதாரணமாகப் பேசுவது போலவே ஒருவருக்கொருவர் வசனம் சொல்லிப் பழகட்டும். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் சொன்னாலே பாதி தூரம் கேட்கும்.

மதிப்பெண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிள்ளைகள் கேட்பார்கள். நாடகத்துக்குப் பாதி, எழுதிய நோட்டுக்குப் பாதி என்று பிரித்துவிடுங்கள். யார் அதிகம் கைதட்டு வாங்கினார் என்பதற்கு மதிப்பெண் வேண்டாம்.

நாலாவது வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆறு நாடகத்தையும் போடுங்கள். பெரியவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள், ஆறாம் வகுப்பு அப்படிச் செய்யாது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, எங்கே சிரித்தார்கள், எங்கே பக்கத்துப் பிள்ளையோடு பேச ஆரம்பித்தார்கள் என்று வசனத்துக்குப் பக்கத்திலேயே குறிக்கட்டும். பேச ஆரம்பித்த இடத்தை மறுநாள் வெட்டுங்கள். சிரித்த இடத்தில் நடிக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். சிரிப்புச் சத்தத்தின் மேலேயே அடுத்த வரியைச் சொல்லியிருப்பார்கள், அது யார் காதிலும் விழுந்திருக்காது. சிரிப்பு ஏறி, கொஞ்சம் இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வரி வர வேண்டும், முழுசாக அடங்கவிட்டால் திரும்ப எழுப்புவது கஷ்டம். இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. சிரிக்கிற ஆட்கள் முன்னால் இரண்டு மூன்று தடவை ஆடினால் உடம்புக்குத் தானாக வரும். நடிக்கிற பிள்ளை மட்டும் சிரிக்கக்கூடாது. சிரித்துவிட்டால் ஆரம்பத்திலிருந்து மறுபடி ஆடச் சொல்லுங்கள், நாலு நாளில் நின்றுவிடும்.

அந்தப் பையனை இப்போதைக்கு வேறு குழுவுக்கு மாற்றாதீர்கள். மாற்றினால் தன்னால்தான் ஏதோ தப்பு நடந்தது என்று நினைத்துக்கொள்வான். திங்கட்கிழமை அந்தக் குழு வேஷத்தை மாற்றி ஆடி முடித்து, சிரிப்பு வராமல் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்கிற நேரத்தில், அவனைக் கேளுங்கள்: "நீ சொல்லு, உனக்கு உடனே என்ன வேணும், யாருகிட்ட என்ன பீலா விடுவ?" அவன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்து கேட்கட்டும். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.